சிபியு வோல்டேஜ் மோட்: பட்டர்வொர்த் மேசையில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

சனிக்கிழமை மாலைகளில் மலேசியாவின் பட்டர்வொர்த்தில் என் வீட்டு மேசையைச் சுற்றி நாலைந்து பேர் கூடுவோம். பழைய மதர்போர்டுகளைப் பிரித்துப் போட்டு ஓவர்கிளாக் செய்து பார்ப்பதுதான், அதாவது சிப்பை அதற்குக் குறித்த வேகத்தை விட வேகமாக ஓட்டிப் பார்ப்பதுதான் வேலை. பிறையிலிருந்து படிக்கிற பிள்ளைகள் வருவார்கள், பினாங்குத் தீவிலிருந்து ஃபெரி பிடித்து ஒருவர் வருவார், சில நாள் பிள்ளை என்ன செய்கிறான் என்று பார்க்கப் பெற்றோரும் வருவார்கள். ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன்.

கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். எளியது முதலில், சிக்கலானது பின்னால். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துத்தான் போகும், அதனால் முதல் தடவை வரிசையாகப் படித்துவிடுங்கள்.

1. வோல்ட் மோட், வோல்ட் மோட்னு சொல்றாங்களே, அப்படின்னா என்னண்ணே?

சிபியுவுக்குப் போகிற வோல்டேஜை பயாஸ் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வரும் அமைப்புத் திரை) மெனுவில் மாற்றாமல், மதர்போர்டிலோ சிபியுவின் கால்களிலோ நேரடியாகக் கை வைத்து மாற்றுவது. ஒரு ரெசிஸ்டரின் (மின்தடையின்) மேல் பென்சில் கோடு இழுப்பதும் வோல்ட் மோட்தான், சிறிய திருகு ரெசிஸ்டர் ஒன்றைச் சால்டர் செய்து வைப்பதும் வோல்ட் மோட்தான்.

பவர் சப்ளையிலிருந்து மதர்போர்டுக்கு வருவது 12 வோல்ட். சிபியுவுக்கு வேண்டியதோ சுமார் 1.2 வோல்ட். இந்த இறக்கத்தைச் செய்வது சாக்கெட்டின் ஓரமாக வரிசையாக நிற்கும் சதுரக் காயில்களும், அவற்றின் பக்கத்தில் ஹீட்சிங்குக்கு அடியில் ஒளிந்திருக்கும் மாஸ்ஃபெட்களும் (மின்சாரத்தை வேகமாகத் திறந்து மூடும் சுவிட்சுகள்), கெப்பாசிட்டர்களும். மொத்தத்துக்கும் பெயர் விஆர்எம். நாம் கை வைப்பது இந்த இடத்தில்தான்.

2. வோல்டேஜ் ஏத்தினா கம்ப்யூட்டர் வேகமாயிடுமா?

ஆகாது. வேகம் கிளாக்கில், அதாவது சிபியுவின் துடிப்பு வேகத்தில் இருக்கிறது. கிளாக்கை ஏற்றும்போது உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் அடுத்த துடிப்பு வருவதற்குள் மாறி முடிக்க வேண்டும். வோல்டேஜ் கூடினால் அவை சீக்கிரம் மாறும், அவ்வளவுதான். கிளாக்கைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் ஏற்றினால் கிடைப்பது சூடு.

அந்தச் சூடும் நேர்க்கோட்டில் ஏறாது. மின்சாரச் செலவு கிளாக்கோடு நேராகவும், வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஏறும். 1.2 வோல்ட்டில் 100 வாட் தின்கிற சிபியுவை 1.35 வோல்ட்டுக்குக் கொண்டுபோய், கிளாக்கையும் 10 சதவீதம் ஏற்றினால் சுமார் 139 வாட். பத்து சதவீத வேகத்துக்கு நாற்பது சதவீதச் சூடு. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

3. பயாஸ்லயே மாத்தலாமே, அப்புறம் எதுக்கு சால்டர்?

சரியான கேள்வி, பாதிப் பேருக்கு என் பதில் இங்கேயே முடிந்துவிடும். உங்கள் போர்டின் பயாஸில் வோல்டேஜ் மாற்ற வழி இருந்தால், அதிலேயே செய்யுங்கள். அந்த வழியில் போர்டைச் செய்தவர்கள் வைத்த பாதுகாப்பும் கூடவே வரும்.

ஹார்டுவேர் மோட் தேவைப்படுவது சில இடங்களில்தான். வோல்டேஜ் மெனுவே இல்லாத பழைய மலிவு போர்டு. மெனு இருந்தும் பாதியிலேயே எல்லை போட்டு நிறுத்துகிற போர்டு. திரவ நைட்ரஜன் ஊற்றிச் சாதனைக்கு ஓடுகிறவர்கள். இன்னொன்றும் உண்டு: ஒரு போர்டு உள்ளே எப்படி யோசிக்கிறது என்று கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள். என் மேசைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் கடைசி வகை. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

4. அந்தக் காலத்துல பென்சிலால கோடு போட்டே ஓவர்கிளாக் பண்ணாங்களாமே, நெஜமா?

நிஜம். 1998இல் இன்டெல் செலரான் 300ஏ வந்தது. அதன் பஸ் (போர்டு கொடுக்கும் அடிப்படைத் துடிப்பு) 66 மெகாஹெர்ட்ஸ். அதை 100க்கு ஏற்றினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450இல் ஓடியது. சில போர்டுகளில் அப்படி மாற்ற வழியே இருக்காது. அப்போது சிபியு அட்டையின் விளிம்பில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட தொடுமுனையின் மேல் சின்னதாக டேப் ஒட்டினால், போர்டு தானாகவே 100 என்று எடுத்துக்கொள்ளும். வேறு சில முனைகளை மூடினால் வோல்டேஜ் மாறும்.

2000இல் வந்த சாக்கெட் ஏ வகை ஏஎம்டி அத்லான், டியூரான் சிப்களின் மேல்பக்கத்தில் எல்1, எல்7 என்று பெயர் போட்ட சின்னச் சின்னப் பாலங்கள் வெளியிலேயே தெரியும். அறுந்திருந்த எல்1 பாலங்களைப் பென்சில் கரியால் இணைத்தால் மல்டிப்ளையர் (அடிப்படைத் துடிப்பை எத்தனை மடங்காக்குவது என்கிற எண்) பூட்டு திறந்தது. எல்7 வரிசை வோல்டேஜுக்கு. பின்னால் வந்த பென்டியம் 4க்கு, சாக்கெட் 478இன் துளைகளில் முடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பியை வளைத்துச் செருகி இரண்டு கால்களை இணைப்பார்கள். கம்பி ஒரு துளை தள்ளிப் போனால் சிபியு போய்விடும். நல்ல வெளிச்சமும் நிதானமும் இல்லாதவர்கள் அதைச் செய்யக் கூடாது.

5. பினாங்குல செஞ்ச சிப்பு நல்லா ஓவர்கிளாக் ஆகும்னு சொல்றாங்களே?

இந்தக் கேள்வி வந்தால் எங்கள் மேசையில் எல்லாருக்கும் முகம் மலர்ந்துவிடும். இன்டெல் 1972இல் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை திறந்தது, அமெரிக்காவுக்கு வெளியே அது அவர்களுக்கு முதல் தொழிற்சாலை. ஏஎம்டியும் அதே ஆண்டு இங்கே வந்தது. சிபியுவின் மூடியில் 'மலாய்' என்று பொறித்திருக்கும். கோஸ்டா ரிக்கா என்று பொறித்ததை விட மலாய் நல்லது என்று உலகமெங்கும் தேடி வாங்கியவர்கள் இருந்தார்கள்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். பினாங்கில் நடப்பது சிப்பைப் பொதியில் பொருத்துவதும் சோதிப்பதும். சிலிக்கான் தட்டு வேறு நாட்டில் செய்யப்படுகிறது. ஒரு சிப் எவ்வளவு ஏறும் என்பது அந்தத் தட்டிலேயே தீர்மானமாகிவிடும், தட்டின் நடுவில் இருந்ததா ஓரத்தில் இருந்ததா என்பது உட்பட. மலாய் முத்திரை நமக்குப் பெருமை. வோல்டேஜ் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள்.

6. சரி, போர்டு எப்படி வோல்டேஜைத் தீர்மானிக்குது? நாம எங்க ஏமாத்துறோம்?

சிபியு தனக்கு எவ்வளவு வேண்டும் என்று ஒரு குறியீடு அனுப்பும். அதற்கு விஐடி என்று பெயர். விஆர்எம்மில் இருக்கும் கண்ட்ரோலர் சிப் அதைப் படித்து, அந்த அளவைத் தன் குறியாக வைத்துக்கொள்ளும். பிறகு வெளியே போகும் வோல்டேஜை ஒரு கால் வழியாகப் பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் ஏற்றும், கூடினால் இறக்கும். அந்தக் காலுக்குப் பெயர் பீட்பேக்.

ரசத்தில் உப்பு பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அம்மா கரண்டியில் எடுத்துச் சுவைத்துப் பார்த்து உப்பு போடுகிறார். யாரோ அந்தக் கரண்டியில் மட்டும் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுவிடுகிறார்கள். அம்மாவுக்கு உப்பு குறைவாகத் தெரியும், பானையில் இன்னும் போடுவார். கரண்டியில் இருப்பது அம்மாவுக்குச் சரியாகத் தெரியும்போது பானையில் உப்பு கூடியிருக்கும்.

பீட்பேக் காலுக்கும் கிரவுண்டுக்கும் (போர்டின் பூஜ்ஜிய வோல்ட் பக்கம்) நடுவில் நாம் வைக்கும் ரெசிஸ்டர்தான் அந்த இரண்டு சொட்டுத் தண்ணீர். கண்ட்ரோலர் பார்க்கும் வோல்டேஜ் கொஞ்சம் குறைகிறது, அது வெளியே ஏற்றுகிறது. விஐடி வழியில் போவது வேறு முறை: குறியீட்டையே மாற்றிச் சொல்வது. 4ஆம் பதிலில் சொன்ன டேப்பும் கம்பியும் அந்த வகை.

7. கணக்கா சொல்லுங்கண்ணே, எத்தனை ஓம் வைக்கணும்?

போர்டுக்குப் போர்டு மாறும், அதனால் முறையைச் சொல்கிறேன். கண்ட்ரோலரின் மேல் அச்சிட்ட எண்ணைப் பூதக்கண்ணாடியில் படித்து, அதன் டேட்டாஷீட்டை (தயாரித்தவர்கள் வெளியிடும் விவரத்தாள்) தேடி, பீட்பேக் கால் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வெளியீட்டிலிருந்து அந்தக் காலுக்கு வரும் ரெசிஸ்டர் 1 கிலோ ஓம், குறி 1.2 வோல்ட், கீழே கிரவுண்டுக்கு வேறு ரெசிஸ்டர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் கிரவுண்டுக்கு 20 கிலோ ஓம் வைத்தால் வெளியீடு 1.2ஐ விட இருபதில் ஒரு பங்கு கூடும், அதாவது 1.26. 10 கிலோ வைத்தால் 1.32. 5 கிலோ வைத்தால் 1.44. 1 கிலோ வைத்தால் 2.4 வோல்ட், சிபியு அந்த நொடியே முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, ஓம் இறங்க இறங்க வோல்டேஜ் தாவித் தாவி ஏறுகிறது. 1ஆம் பதிலில் சொன்ன திருகு ரெசிஸ்டரை (ட்ரிம்பாட் என்பார்கள்) 50 கிலோவிலிருந்து 20 கிலோவுக்குக் கொண்டுவர நிறையத் திருப்ப வேண்டும், ஏறுவதோ கொஞ்சம். 5 கிலோவுக்குக் கீழே கால் சுற்றுக்கே பயப்பட வேண்டும். அதனால் ட்ரிம்பாட்டோடு தொடராக ஒரு நிலையான ரெசிஸ்டரையும் வையுங்கள். மேலே சொன்ன கணக்கில் 6.8 கிலோ ஓம் வைத்தால், ட்ரிம்பாட்டை எவ்வளவு தப்பாகத் திருப்பினாலும் 1.38 வோல்ட்டுக்கு மேல் போக முடியாது. இந்த ஒரு ரெசிஸ்டருக்காகவே என்னைப் பலர் பின்னால் தேடி வந்து நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

டேட்டாஷீட் கிடைக்கவில்லை என்றால் பழைய ஆட்கள் ஒரு வழி சொல்வார்கள்: மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு பீட்பேக் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் எத்தனை ஓம் என்று அளந்து, அதைப் போல் இருபது மடங்கு ட்ரிம்பாட் வாங்கு என்று. சுமார் ஐந்து சதவீதத்தில் தொடங்கும், நல்ல தொடக்கம்தான். ஆனால் கால் எது என்றே உறுதியாகத் தெரியாத போர்டில் அந்த வழியும் வேண்டாம்.

8. சால்டர் பண்ண பயமா இருக்கு. பென்சில் மோட் போதாதா?

சின்ன ஏற்றத்துக்குப் போதும். வெளியீட்டிலோ கிரவுண்டிலோ ஏற்கெனவே ஒரு ரெசிஸ்டர் இருந்து, அதன் மதிப்பைக் குறைத்தால் வோல்டேஜ் ஏறும் என்று தெரிந்த இடத்தில், அதன் முதுகில் 4பி அல்லது 6பி பென்சிலால் மெல்லத் தேய்க்க வேண்டும். கரி மின்சாரத்தைக் கடத்தும், ரெசிஸ்டரோடு பக்கவாட்டில் சேர்ந்து மதிப்பைக் குறைக்கும். ஒரு முறை தேய்த்து அளந்து பாருங்கள், மறுபடி தேய்த்து அளந்து பாருங்கள். கூடிப்போனால் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிடலாம்.

கெட்ட குணம் ஒன்று, அது நிலையாக நிற்காது. சூட்டிலும் நம் ஊர் ஈரக்காற்றிலும் கரியின் மதிப்பு நகரும். இன்று 1.30இல் விட்டது அடுத்த வாரம் 1.28இல் இருக்கும். கரித்தூள் பக்கத்துக் கால்களில் படிந்தால் அது வேறு தொல்லை. சோதித்துப் பார்க்கப் பென்சில், நிலையாக வைக்கச் சால்டர்.

9. என்னென்ன சாமான் வேணும்? எங்க வாங்கறது?

நுனி மெல்லிய, வெப்பம் கட்டுப்படுத்தும் சால்டரிங் அயர்ன். ஈயம் கலந்த 63/37 சால்டர், அது 183 டிகிரியிலேயே உருகும். இப்போதைய போர்டுகளில் இருக்கும் ஈயமில்லாத சால்டருக்கு 217 டிகிரிக்குப் பக்கத்தில் வேண்டும், அதனால் முதலில் பழையதோடு கொஞ்சம் புதியதைக் கலந்துகொண்டால் வேலை சுலபம். ஃபிளக்ஸ் (சால்டர் நன்றாகப் பிடிக்க உதவுவது), ஆல்கஹால், முடி போன்ற உறையிட்ட கம்பி, '503' என்று அச்சிட்ட 50 கிலோ ஓம் பல சுற்று ட்ரிம்பாட். ஒரு சுற்று ட்ரிம்பாட் வாங்காதீர்கள், விரல் பட்டாலே வோல்டேஜ் தாவும்.

கோலாலம்பூர் போகிறவர்கள் ஜாலான் பசாருக்கு ஒரு நடை போய்வந்தால் எல்லாம் கிடைக்கும். இங்கே இருப்பவர்கள் ஆன்லைனில் வாங்கலாம், சில வெள்ளி (ரிங்கிட்) தான். காசை மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே சாமான் மல்டிமீட்டர். நல்ல மீட்டருக்கு 0.5 சதவீதம் பிழை என்றால் 1.3 வோல்ட்டில் ஆறேழு மில்லிவோல்ட்தான் தள்ளும். மலிவு மீட்டரில் பேட்டரி இறங்கும்போது காட்டும் எண்ணே மேலே போகும்.

10. சால்டர் முடிச்சாச்சு. இப்ப ஆன் பண்ணலாமா?

இன்னும் இல்லை. ட்ரிம்பாட்டைப் போர்டில் வைப்பதற்கு முன்பே முழு ஓமுக்கும் திருப்பி, மீட்டரில் 50 கிலோ என்று கண்ணால் பார்த்திருக்க வேண்டும்; போர்டில் வைத்த பிறகு மீட்டர் அந்த எண்ணைக் காட்டாது. எந்தப் பக்கம் திருப்பினால் குறைகிறது என்று அப்போதே பார்த்து, போர்டில் மார்க்கரால் ஓர் அம்பு போடுங்கள். பதற்றத்தில் எல்லாருக்கும் வலம் இடம் குழம்பும். சால்டர் மிச்சம் பக்கத்துக் கால்களைத் தொட்டிருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். பயாஸில் மின்சிக்கன வசதிகளை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் சும்மா இருக்கும்போது வோல்டேஜ் தானாக இறங்கி உங்கள் அளவைக் குழப்பும். உங்களிடம் பழைய மலிவான சிபியு ஒன்று இருந்தால் முதல் தடவை அதைத்தான் சாக்கெட்டில் போட வேண்டும்.

அப்புறம், அளப்பதற்கென்றே இரண்டு கம்பியைச் சால்டர் செய்துவிடுங்கள், ஒன்று காயிலின் வெளியீட்டுப் பக்கம், ஒன்று கிரவுண்ட். மீட்டரின் ஊசியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் போர்டில் தொடாதீர்கள். 2011இல் நான் அப்படித்தான் தொட்டேன். ஊசி ஒரு மில்லிமீட்டர் வழுக்கி மாஸ்ஃபெட்டின் இரண்டு கால்களைச் சேர்த்துவிட்டது. 12 வோல்ட் நேராக சிபியுவுக்குள் போனது. டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். போர்டும் கோர் 2 டுயோவும் நண்பருடையவை. அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அந்த நாளுக்குப் பிறகு என் மேசையில் ஊசியால் யாரும் அளப்பதில்லை.

ஆன் செய்ததும் மீட்டரைப் பாருங்கள், திரை பிறகு. எதிர்பார்த்த எண்ணிலிருந்து 0.05 வோல்ட்டுக்கு மேல் தள்ளி இருந்தால் உடனே அணையுங்கள். சரியாக இருந்தால் கால் சுற்று, அளவு, குறிப்பு. மறுபடி கால் சுற்று, அளவு, குறிப்பு. ஒரு தாளில் சுற்றையும் வோல்டேஜையும் எழுதிக்கொண்டே போங்கள். திருகு திரும்பும் சத்தம்கூடக் கேட்காது, எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் நகரும். அந்த அமைதியில் செய்கிற வேலை இது.

11. மீட்டர் ஒண்ணு காட்டுது, சாஃப்ட்வேர் வேற காட்டுது. எதை நம்பறது?

மீட்டரை. சாஃப்ட்வேரில் விஐடி என்று காட்டுவது சிபியு கேட்ட அளவு. பீட்பேக்கை மாற்றினால் கேட்பது மாறாது, வருவதுதான் மாறும், அதனால் விஐடி எண் அப்படியே நிற்கும். விகோர் என்று காட்டுவது போர்டில் இருக்கும் சென்சார் அளந்தது. அது பல போர்டுகளில் 8 அல்லது 16 மில்லிவோல்ட் படிகளில்தான் நகரும், அளக்கும் இடமும் சிபியுவிலிருந்து தள்ளி இருக்கும்.

கண்ட்ரோலர் சிப் தானே அனுப்பும் எண்ணைச் சில சாஃப்ட்வேர்கள் காட்டும். மோட் செய்த போர்டில் அதை நம்பவே கூடாது. 6ஆம் பதிலில் சொன்ன கரண்டியை நினைத்துப் பாருங்கள்: ஏமாந்தவரிடமே போய் உப்பு எவ்வளவு என்று கேட்பது போலாகும்.

12. கேம் ஆரம்பிச்சதும் வோல்டேஜ் இறங்குதே, என் மோட் தப்பா?

தப்பு இல்லை. சுமை ஏறும்போது வோல்டேஜ் கொஞ்சம் இறங்க வேண்டும் என்று வேண்டுமென்றே வடிவமைத்திருக்கிறார்கள். லோட் லைன் என்பார்கள். 1 மில்லி ஓம் லோட் லைன் என்றால் 100 ஆம்ப் ஓடும்போது 0.1 வோல்ட் இறங்கும். காரணம், சுமை திடீரென்று விடும்போது வோல்டேஜ் ஒரு கணம் மேலே துள்ளும். முன்பே கீழே இறங்கி நின்றால், துள்ளினாலும் எல்லையைத் தாண்டாது.

பழைய போர்டுகளில் இந்த இறக்கத்தைக் குறைக்கவும் தனியாகப் பென்சில் மோட் உண்டு. புதிய போர்டுகளில் பயாஸிலேயே லோட் லைன் காலிபரேஷன் இருக்கிறது. எதைச் செய்தாலும் முழுக்கத் தட்டையாக்காதீர்கள். மீட்டரில் அழகாக ஒரே எண் நிற்கும், ஆனால் அந்தத் துள்ளலை மீட்டர் காட்டாது, ஆசிலோஸ்கோப்பில்தான் தெரியும்.

13. எவ்வளவு வோல்ட் வரைக்கும் போகலாம்? ஒரு நம்பர் சொல்லுங்க.

எல்லாச் சிபியுவுக்கும் ஒரு நம்பர் கிடையாது. சிப்பின் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், நம்பரை நீங்கள் உங்கள் சிப்பின் டேட்டாஷீட்டில் பாருங்கள்.

என் அம்மா பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பர்ன்-இன் பிரிவில் பல வருஷம் வேலை பார்த்தார். விடிவதற்கு முன்னே தொழிற்சாலை பஸ் வரும். அங்கே சிப்களைப் பலகை பலகையாக அடுக்கி அடுப்பு மாதிரி ஒரு பெட்டிக்குள் தள்ளி, வழக்கத்தை விடக் கூடுதல் வோல்டேஜும் சூடும் கொடுப்பார்கள். பலவீனமான சிப் வாடிக்கையாளர் வீட்டில் சாவதற்குப் பதிலாக அங்கேயே செத்துப் பிரிந்துவிடும். பல மாத உழைப்பைச் சில மணி நேரத்தில் வாங்கிவிடுகிற ஏற்பாடு. நாம் வோல்டேஜ் ஏற்றும்போது செய்வதும் அதேதான். கூடுதல் மின்னோட்டமும் சூடும் உள்ளே இருக்கும் மெல்லிய உலோகத் தடங்களை அணு அணுவாக நகர்த்தும், கூடுதல் வோல்டேஜ் டிரான்சிஸ்டரின் காப்புப் படலத்தைத் தேய்க்கும். நேற்று நின்ற வேகம் நாளைக்கு நிற்காது.

பென்டியம் 4இன் நார்த்வுட் வகையை 1.7 வோல்ட்டுக்கு மேல் ஓட்டியவர்களில் பலருக்குச் சில மாதங்களில் சிப் திடீரென்று செத்தது. அதற்கு வழக்கமான வோல்டேஜ் சுமார் 1.5தான். 2023இல் ஏஎம்டியின் ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்கள் சில சாக்கெட்டிலேயே கருகின, அதற்குப் பிறகு எஸ்ஓசி (சிப்பில் கோர்கள் அல்லாத பகுதி) வோல்டேஜுக்கு 1.3 என்று எல்லை போட்டார்கள். 2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் பல நிலை தடுமாறியபோது, அளவுக்கு மீறிய வோல்டேஜும் ஒரு காரணம் என்று இன்டெல்லே சொல்லி, சிப் கேட்கும் வோல்டேஜை 1.55க்கு மேல் போகாமல் மைக்ரோகோடில் (சிப்புக்குள் இருக்கும் கட்டளைத் தொகுப்பு) கட்டுப்படுத்தி, வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டித்தது. கடைசி இரண்டிலும் யாரும் சால்டரிங் அயர்னைத் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

14. சிபியு டெம்பரேச்சர் 70தான் இருக்கு. அப்ப ஏன் போர்டு அணைஞ்சுபோகுது?

விஆர்எம்மைத் தொட்டுப் பார்த்தீர்களா? விரலை வைக்காதீர்கள், பக்கத்தில் கொண்டுபோனாலே தெரியும். மலிவு போர்டுகளில் மாஸ்ஃபெட்டுக்கு ஹீட்சிங்கே இருக்காது. 2ஆம் பதிலில் பார்த்த நாற்பது சதவீதம் அந்த வழியாகத்தான் போகிறது. ஏசி இல்லாத அறையில் காற்றே 31, 32 டிகிரியில் இருக்கிற ஊர் இது. குளிர்நாட்டுக்காரர் ஒருவர் எழுதியதைப் பார்த்து அதே வோல்டேஜை இங்கே வைத்தால், அவரை விடப் பத்துப் பன்னிரண்டு டிகிரி மேலே தொடங்குகிறீர்கள். சின்ன ஹீட்சிங்குகளை ஒட்டி, நேராக ஒரு ஃபேனை வையுங்கள்.

15. ஐஸ் தண்ணி ஓடவிட்டா சூப்பரா குளிரும்ல?

குளிரும், கூடவே நனையும். பினாங்கில் 31 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் இருக்கும் சாதாரண மாலையில், 26 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பிலும் காற்றின் ஈரம் நீராக இறங்கிவிடும். ஐஸ் காப்பிக் கண்ணாடியைச் சுற்றி மேசை ஈரமாவதைப் பார்க்கிறோமே, அதுதான் சாக்கெட்டுக்குப் பின்னால் நடக்கும். ஏசி அறையில் 24 டிகிரி, 55 சதவீதம் என்றால் அந்த எல்லை 14 டிகிரிக்கு இறங்கும், அதனால் ஏசி அறையில் கொஞ்சம் இடம் கிடைக்கிறது.

2023இல் கோர் ஐ9-14900கேஎஃப் சிப்பை திரவ ஹீலியத்தில் 9 கிகாஹெர்ட்ஸ் தாண்ட வைத்தார்கள். அவர்கள் போர்டை மெழுகு மாதிரி காப்பால் மூடி, பஞ்சு அடைத்து, சில நிமிஷம் ஓட்டி முடித்துவிடுகிறவர்கள். தினமும் பயன்படுத்தும் கம்ப்யூட்டருக்கு அது வழியாகாது.

16. என் மகன் ரூம்ல இத பண்றான். தீப்பிடிக்குமா, தம்பி?

அம்மா, போர்டின் பலகை சீக்கிரம் தீப்பற்றாத பொருளால் செய்தது. பெரும்பாலும் ஒரு மாஸ்ஃபெட் புகைந்து, நாற்றம் வந்து, பவர் சப்ளை அணைந்துவிடும். ஆனால் மலிவான பவர் சப்ளை அணையாமல் போகலாம், சிபியுவுக்குப் போகும் 12 வோல்ட் செருகியும் உருகலாம். அதனால் பயப்படாமல் சில விதிகளைப் போடுங்கள். மெத்தை, கம்பளம் மேல் போர்டை வைக்கக் கூடாது. எர்த் சரியாக இருக்கும் சுவர்ப் பிளக்கில் செருக வேண்டும், நீட்டிப்புக் கம்பி என்றால் சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். ஓடவிட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. அறையில் பவுடர் தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும்.

இன்னொன்று, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்: பவர் சப்ளைப் பெட்டியைப் பையன் திறக்கக் கூடாது. நம் வீட்டு 230 வோல்ட் உள்ளே 300க்கும் மேல் நேர்மின்சாரமாகக் கெப்பாசிட்டரில் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். மதர்போர்டில் தப்பு செய்தால் காசு போகும். அங்கே தப்பு செய்தால் உயிர் போகும்.

17. என்கிட்ட கோர் ஐ5-12400 இருக்கு. ஹார்டுவேர்ல வோல்ட் ஏத்தி ஓவர்கிளாக் பண்ணலாமா?

அதன் மல்டிப்ளையர் பூட்டியது. வோல்டேஜ் கொடுத்தும் ஏற்றுவதற்குக் கிளாக் இல்லை, 2ஆம் பதிலுக்கே திரும்புகிறோம். தனிக் கிளாக் சிப் வைத்த சில போர்டுகளில் பேஸ் கிளாக்கை (4ஆம் பதிலில் சொன்ன அடிப்படைத் துடிப்பு மாதிரி) ஏற்றி அந்தச் சிப்பை ஓட்டியவர்கள் உண்டு. அப்படிப்பட்ட போர்டில் வோல்டேஜும் பயாஸிலேயே இருக்கும்.

18. லேப்டாப்ல செய்யலாமா?

வேண்டாம். சூட்டை வெளியேற்ற இடமில்லை. லேப்டாப்பில் வோல்டேஜைக் குறைப்பதுதான் பலன் தரும். ஆனால் 2019 டிசம்பரில் வெளியான பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறைக்குப் பிறகு பல லேப்டாப்களில் பயாஸ் அப்டேட் அதையும் பூட்டிவிட்டது.

19. ஐ7-4770கே போர்டுல மோட் பண்ணேன். வோல்டேஜ் ஏறிச்சு, ஆனா ஓவர்கிளாக் ஒண்ணும் மாறலையே?

2013இல் வந்த ஹாஸ்வெல் தலைமுறையில் கடைசி ரெகுலேட்டரை (வோல்டேஜை இறக்கும் கடைசிப் படி) சிபியுவுக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். போர்டு கொடுப்பது சுமார் 1.8 வோல்ட் நுழைவு மட்டும், கோருக்கு (கணக்குப் போடும் பகுதிக்கு) வேண்டியதை உள்ளே இருப்பது பிரித்துக்கொள்ளும். நீங்கள் ஏற்றியது அந்த நுழைவை. உங்கள் கணக்கு தப்பில்லை, பானைதான் வேறு. கோர் வோல்டேஜை பயாஸ் வழியாகத்தான் மாற்ற வேண்டும். 2015இல் ஸ்கைலேக்கில் ரெகுலேட்டர் மறுபடி போர்டுக்கு வந்தது.

20. புது போர்டுல எல்லாம் டிஜிட்டல் கண்ட்ரோலர். அதுலயும் ட்ரிம்பாட் வைக்கலாமா?

வைக்க முடிந்தாலும் நான் வைக்க மாட்டேன். அவை சிபியுவின் அடியிலிருந்தே இரண்டு கம்பிகளில், வோல்டேஜ் வரும் பக்கமும் கிரவுண்டும் சேர்த்து அளக்கின்றன. நடுவில் ரெசிஸ்டர் நுழைந்தால் லோட் லைன், பாதுகாப்பு எல்லை எல்லாமே சேர்ந்து குழம்பும். அதற்கு இப்போது நல்ல வழி இருக்கிறது: கண்ட்ரோலரின் ஐ2சி (சிப்கள் ஒன்றோடொன்று பேசும் வழி) கம்பிகள் இரண்டையும் ஒரு கிரவுண்டையும் வெளியே எடுத்து, எல்மோர்லேப்ஸின் ஈவிசி2 மாதிரி ஒரு சிறிய பலகையில் இணைத்து, கண்ட்ரோலரிடமே நேராகப் பேசுவது. கரண்டியில் தண்ணீர் விடாமல் அம்மாவிடமே இன்னும் கொஞ்சம் உப்பு போடச் சொல்கிறோம். மதர்போர்டை அணைத்து அந்தப் பலகையை எடுத்தால் பழைய நிலைக்கே வந்துவிடும். உங்கள் கண்ட்ரோலர் அதன் ஆதரவுப் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் வாங்குவதற்கு முன் பாருங்கள்.

21. போர்டு செத்துடுச்சு. பென்சிலைத் துடைச்சிட்டு வாரண்டிக்கு அனுப்பலாமாண்ணே?

அனுப்பாதீர்கள், தம்பி. கண்டுபிடிக்க மாட்டார்கள் என்பது சில நேரம் உண்மைதான். ஆனால் அந்தக் காசைக் கட்டுவது கடைக்காரராகவும் இருக்கலாம், கவனமாக இருந்து வாரண்டி கேட்டு வருகிற அடுத்த ஆளை அவர்கள் சந்தேகத்தோடு பார்ப்பதாகவும் முடியலாம். மோட் செய்யும் நொடியில் வாரண்டி முடிந்தது என்று முடிவு செய்துகொண்டு, இழந்தாலும் தாங்கும் போர்டில் மட்டும் கை வையுங்கள்.

22. மோட் பண்ண போர்டை விக்கும்போது சொல்லணுமா? வேலைதான் செய்யுதே?

கட்டாயம் சொல்ல வேண்டும். முடிந்தால் ட்ரிம்பாட்டை எடுத்துவிட்டு, ஃபிளக்ஸைத் துடைத்து, பழைய வோல்டேஜ் வருகிறதா என்று அளந்து கொடுங்கள். எடுக்கவில்லை என்றால் திருகின் தலையில் நகச்சாயம் ஒரு சொட்டு விட்டு அசையாமல் செய்யுங்கள்.

போன வருஷம் புக்கிட் மெர்த்தாஜாமில் ஒருவரிடம் பழைய எல்ஜிஏ775 (கோர் 2 டுயோ காலத்துச் சாக்கெட்) போர்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் மஞ்சள் டேப்பில் பால்பாயின்ட்டில் எழுதியிருந்தது: எத்தனை கிலோ ஓம், பயாஸில் என்ன எண், மீட்டரில் என்ன எண், எந்தப் பக்கம் திருப்பினால் ஏறும், தேதி. நான் பிளக் செருகி ஆன் செய்ததும் முதலில் அளந்து பார்த்தேன். அவர் எழுதியதற்கும் என் மீட்டருக்கும் இரண்டு மில்லிவோல்ட்தான் வித்தியாசம். அந்த டேப்பை நான் இன்னும் பிரிக்கவில்லை.